நூறு ஆவாரை விதை: வாங்கி மூன்றாண்டு கழித்து ஒரு மதிப்புரை

கத்தரி விதையோ வெண்டை விதையோ வாங்கியவர் மூன்று மாதத்தில் அதன் தரத்தைச் சொல்லிவிடலாம். ஆவாரை அப்படியல்ல. விதை முளைத்ததா என்பது முதல் கேள்வி மட்டுமே. முளைத்தது ஆவாரைதானா, தண்ணீர் ஊற்றாத கோடையை அது தாண்டியதா, பூத்ததா, பூத்தது காய்த்ததா, அந்தக் காயில் எடுத்த விதை மறுபடி முளைத்ததா என்பதெல்லாம் தெரிந்த பிறகே அந்தப் பாக்கெட்டைப் பற்றி உறுதியாக எதையும் சொல்ல முடியும். 2021 ஆனி மாதம், நாட்டுச்செடி விதைகளை இணையத்தில் விற்கும் ஒரு கடையில் நூறு விதை கொண்ட பாக்கெட் ஒன்றை அறுபது ரூபாய்க்கு வாங்கினேன். அதற்கான மதிப்புரையை இப்போது எழுதுவதற்கு இந்தத் தாமதமே காரணம். கடையின் பெயரைக் குறிப்பிடப்போவதில்லை. நான் கண்ட குறைகளில் பாதிக்கு மேல், பின்னாளில் வேறு இரண்டு இடங்களில் வாங்கிய பாக்கெட்டுகளிலும் அப்படியே இருந்தன.

கிணறில்லாத, செம்மண்ணும் சுக்கானும் கலந்த ஒரு துண்டு நிலத்தின் வேலியோரத்தை நிரப்ப ஒரு செடி வேண்டியிருந்தது. மேயவரும் ஆடுகள் வாய் வைக்கக் கூடாது, பங்குனி, சித்திரை வெயிலில் வாடக் கூடாது, ஆண்டுதோறும் புதிதாக விதைக்கவும் கூடாது. இந்த மூன்றுக்கும் பொருந்துவது ஆவாரை. தமிழகம், ஆந்திரம், தெலங்கானா, கர்நாடகம், இலங்கையின் உலர்வலயம் ஆகிய பகுதிகளின் தரிசிலும் சாலையோரத்திலும் யாரும் நடாமல் தானே நிற்கும் பல்லாண்டுப் புதர்ச்செடி அது. தோல் பதனிடுவோர் அதன் பட்டைக்காக வண்டி வண்டியாக வெட்டிய காலத்திலும் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் தழைத்து வந்த செடி. சாலையோரத்தில் இலவசமாகக் கிடைப்பதை ஏன் காசு கொடுத்து வாங்கினாய் என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். வாங்கிய மாதத்தில் செடியில் நெற்று இல்லை, ஆடிமழைக்கு முன் விதைத்துவிட வேண்டும் என்ற அவசரம் எனக்கு இருந்தது என்பதைத் தவிர வேறு பதில் இல்லை.

பாக்கெட்டின் முன்புறத்தில் அழகான படம். பின்புறத்தில் எல்லாருக்கும் மனப்பாடமான 'ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ' என்ற பழமொழி, தெலங்கானா அரசு 2014இல் இதைத் தன் மாநிலப் பூவாக அறிவித்த செய்தி, 'காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும்' என்றொரு வரி, 'ஓர் இரவு நீரில் ஊறவைத்து விதைக்கவும்' என்ற ஒரே ஒரு செய்முறைக் குறிப்பு. விதையை எந்த ஆண்டில் எடுத்தார்கள், எந்தப் பகுதியில் எடுத்தார்கள், எத்தனை விழுக்காடு முளைக்கும் என்ற மூன்றில் ஒன்றுகூட இல்லை. நைட்ரஜன் பற்றிய வரி தவறு. அவரைக் குடும்பத்துச் செடி என்றாலே வேர்முடிச்சு இருக்கும் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். ஆவாரை சேர்ந்திருக்கும் சென்னா பேரினத்துச் செடிகள் வேர்முடிச்சு வைப்பதில்லை. நட்டதில் பட்டுப்போன கன்றுகளைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பார்த்தேன், ஒரு முடிச்சும் இல்லை. ஆவாரைத் தழையை வயலில் மிதித்து உரமாக்குவது உண்மைதான், ஆனால் அது இலையில் இருக்கும் சத்து. செடி காற்றிலிருந்து பிடித்துத் தருவதாகச் சொல்வது வேறு பேச்சு.

இனி விதைக்கு வருகிறேன். வெள்ளைத்தாள் ஒன்றில் கொட்டி எண்ணியபோது 93 இருந்தன. ஏழு குறைந்ததை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்த 93இல் 11 விதைகள் கண்ணுக்கே வேறாகத் தெரிந்தன. ஆவாரை விதை ஏறத்தாழ எட்டு மில்லிமீட்டர் நீளம், அதில் பாதி அகலம், இருபக்கமும் சற்றே அமுக்கியதுபோல் தட்டை. மங்கிய பழுப்பு நிறம், ஒவ்வொரு முகத்திலும் நகத்தால் மெல்லக் கீறியது போன்ற ஒரு நீளத் தடம். கலந்திருந்தவற்றில் ஏழு, அதைவிடச் சிறியவை, சாய்சதுரமாக, எண்ணெய் தடவியதுபோல் பளபளத்தன. மீதி நான்கு வட்டமாக, தட்டையாக, சாம்பல் பூத்த பச்சைப் பழுப்பில் இருந்தன. என்ன விதை என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. தெரியாதவற்றைக் கொட்டகையின் சன்னல் வழியே எறிந்துவிட்டு மேலே வேலையைப் பார்த்தேன். மிஞ்சிய 82இல் ஒன்பதில், குண்டூசியின் தலையளவுக்குச் சீரான வட்டத் துளை இருந்தது. உள்ளே வளர்ந்த விதைவண்டு வெளியேறிய வழி அது. அத்தகைய விதையின் உட்பருப்பு பெரும்பாலும் தின்னப்பட்டிருக்கும். ஆக நூறு என்று விற்றதில் விதைக்கத் தகுந்தவை 73.

சன்னலுக்கு வெளியே விழுந்தவை புரட்டாசி மழைக்கு முளைத்து வளர்ந்தபோதுதான் அவற்றின் பெயர் தெரிந்தது. பளபளத்தவை ஊசித்தகரை, மூன்று இணைச் சிற்றிலையும் அரிவாள்போல் வளைந்த மெல்லிய நீளக் காயுமாக எழுந்தன. வட்டமானவை பொன்னாவாரை, கசக்கினால் நாற்றமடிக்கும் கூர்நுனி இலை. பெயரில் 'ஆவாரை' என்று ஒட்டிக்கொண்டிருப்பதால் பொன்னாவாரையும் நிலாவாரையும் ஆவாரையின் வகைகள் என்று நினைப்பவர்கள் உண்டு, விதை விற்பவர்களிலும் உண்டு. நிலாவாரை மலமிளக்கி மருந்துக்காகத் திருநெல்வேலிப் பக்கம் பயிரிடப்பட்ட வேறு செடி. பொன்னாவாரை அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து பரவிய செடி, அதன் விதை நச்சு. குழந்தைகள் நடமாடும் இடத்தில் முளைக்கக் கூடாதது. விதை விற்பவர் ஒருவர் இந்த மூன்றையும் பிரித்தறியாமல் இருப்பதை, எண்ணிக்கையில் ஏழு குறைந்ததைப்போல் என்னால் எளிதாக விட்டுவிட முடியவில்லை.

செடி முளைத்த பிறகு அடையாளம் காண ஓர் எளிய வழி உண்டு. ஆவாரை இலைக்காம்பு தண்டில் சேரும் இடத்தில், இருபுறமும் சிறிய காதுமடல் போன்ற பச்சைச் செதில்கள் விரிந்திருக்கும். 1753இல் லின்னேயஸ் வைத்த இனப்பெயரான 'ஆரிகுலாட்டா' என்பதற்கே காதுள்ளது என்று பொருள். அந்தக் காது இல்லையென்றால் அது ஆவாரை இல்லை.

முளைப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். வாங்கியவர்கள் பெரும்பாலும் ஏமாறும் இடம் இதுதான், அதற்கு விதை முழுப் பொறுப்பல்ல. பாக்கெட்டில் சொன்னபடி 40 விதைகளை ஓர் இரவு பச்சைத் தண்ணீரில் ஊறவைத்தேன். காலையில் இரண்டு மூன்று மட்டும் உப்பியிருந்தன. மற்றவை போட்டபோது இருந்த அளவிலேயே, கூழாங்கல்போலக் கிடந்தன. மூன்று வாரம் காத்திருந்ததில் முளைத்தவை மூன்று. ஆவாரை விதையின் தோல் தண்ணீரை உள்ளே விடாது. ஒரே மழைக்கு எல்லாம் முளைத்து, அடுத்து வரும் வறட்சியில் எல்லாம் கருகிப்போகாமல், சில இந்த ஆண்டும் சில அடுத்த ஆண்டும் என்று பிரிந்து முளைப்பதற்காகச் செடி செய்துவைத்திருக்கும் ஏற்பாடு அது. தோட்டக்காரருக்கு அந்தப் பொறுமை இல்லையென்றால் தோலில் ஒரு வழி திறந்துவிட வேண்டும்.

மீதமிருந்த 33 விதைகளில் பாதிக்கு நகவெட்டியைப் பயன்படுத்தினேன். விதையின் ஒரு முனையில், காயோடு காம்பு ஒட்டியிருந்த இடத்தில், ஒரு சிறிய புள்ளி தெரியும். முளைவேர் அந்தப் பக்கம்தான் இருக்கும். அதற்கு எதிர்முனையில், தோலுக்கு அடியில் வெளிறிய பருப்பு இழையளவு தெரியும்வரை மட்டும் நறுக்கினால் போதும். மறுபாதியை, கொதிக்கவைத்து அடுப்பிலிருந்து இறக்கிய வெந்நீரில் போட்டு, அது ஆறும்வரை அப்படியே இரவு முழுதும் விட்டேன். அடுப்பில் வைத்தே கொதிக்கவிடக் கூடாது, அவிந்துவிடும். காலையில் நறுக்கியவை அனைத்தும் இருமடங்கு உப்பி, தோல் சுருங்கிக் கழன்று, உள்ளே மஞ்சள் தெரிய மென்மையாகியிருந்தன. வெந்நீரில் போட்டவற்றில் முக்கால்வாசி அப்படியிருந்தன. ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றியதில், பன்னிரண்டு நாளுக்குள் 33க்கு 24 முளைத்தன. எண்ணிக்கை அதிகமானால் நகவெட்டி சரிப்படாது. இரண்டு உப்புத்தாள்களுக்கு நடுவில் விதையைப் பரப்பி, தோலில் கீறல் விழும்வரை தேய்ப்பது எளிது. முதலில் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து முளைக்காத 37 விதைகள் இருந்த நாற்றுப்பை மண்ணை வேலியோரம் கொட்டினேன். மறு ஆண்டு மழையில் அங்கே ஆறு ஆவாரைக் கன்றுகள் தாமாகவே எழுந்தன. எனவே விதையின் உயிர்ப்பில் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அதோடு அனுப்பிய குறிப்புத்தான் பயனற்றது.

நாற்றுப்பையில் வளர்த்தது என் தவறு. நான் எடுத்தது சிறிய பைகள். ஆவாரையின் ஆணிவேர் மூன்றே வாரத்தில் பையின் அடியைத் தொட்டு, வட்டமாகச் சுற்றிக்கொண்டது. ஐப்பசியில் 27 கன்றுகளை நட்டதில் 16 தேறின. அடுத்த ஆண்டிலிருந்து, தோல் நறுக்கிய விதையை நேரடியாக நிலத்தில் ஊன்றுவதே வழக்கமாயிற்று. முதல் கோடையில் மட்டும் மாதம் இருமுறை ஒரு குடம் தண்ணீர் ஊற்றினேன், அதன்பின் இன்றுவரை ஒரு சொட்டும் இல்லை. ஆடுகள் ஓரிரு முறை முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்தன. இலைகளைக் கடித்தவை வேறு: ஆவாரையைத் தின்று வளரும் பச்சைப் புழுக்கள். புழு கூடாகி, கூட்டிலிருந்து வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் புறப்பட்டன, செடியும் மறுபடி தளிர்த்தது. மருந்து அடிக்கத் தேவையே இருக்கவில்லை.

பதினான்காம் மாதம் முதல் பூ. முதல் பருவத்தில் பூத்ததற்குக் காய்ப்பு மிகக் குறைவு. ஏன் என்று புரிந்துகொள்ளச் சில காலைகள் செடியருகே உட்கார வேண்டியிருந்தது. ஆவாரைப் பூவில் தேன் இல்லை; மகரந்தம் மட்டுமே உண்டு, அதுவும் எளிதில் உதிராது. பத்து மகரந்தத் தாள்களில் மேலே உள்ள மூன்று மலடு. மற்றவற்றின் பைகள் பிளந்து திறக்காமல், நுனியில் துளையிட்ட உப்புக்குடுவைபோல் மூடியே இருக்கும். உருண்டு திரண்ட கரிய தச்சுத்தேனீ வந்து அந்தத் தாள்களைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, இறக்கையை அசைக்காமல் உடம்பை மட்டும் அதிரவைக்கும். பறக்கும்போது கேட்ட ரீங்காரம் சட்டென்று மேல் சுருதிக்கு ஏறும், அந்தக் கணத்தில் மகரந்தம் துளைவழியே அதன் வயிற்றில் பீய்ச்சும். சாதாரணத் தேனீக்கு இந்த வித்தை தெரியாது, அது சிந்தியதைப் பொறுக்கிக்கொண்டு போகும். தச்சுத்தேனீ காய்ந்த மரத்திலும் மூங்கிலிலும் துளையிட்டுத்தான் கூடு வைக்கும். நானோ, முதல் ஆண்டு பழைய மூங்கில் படலைப் பிரித்து அடுப்பெரித்திருந்தேன். அடுத்த ஆண்டு நான்கு உளுத்த மூங்கில்களை வேலியில் கட்டிவைத்தேன், அந்தப் பருவத்தில் காய்ப்பு நன்றாகவே கூடியது. மூங்கில்தான் காரணமா, செடிக்கு வயது ஏறியதா என்று பிரித்துச் சொல்ல இயலாது என்றாலும், மூங்கிலை இனி எரிக்கமாட்டேன்.

விதை சேகரிப்பைப் பற்றி எந்தப் பாக்கெட்டும் ஒரு சொல் சொல்வதில்லை. சொன்னால் அடுத்த பாக்கெட் விற்காது என்ற எண்ணமோ என்னவோ. ஆவாரைக் காய் விரல் நீளம், தாள்போல் மெல்லியது, ஒவ்வொரு விதைக்கும் இடையில் குறுக்கே ஒரு பள்ளம்; ஒரு காயில் பத்து முதல் இருபது விதை வரை. பச்சைக் காய் மஞ்சள் தட்டி, பிறகு வைக்கோல் நிறமாகி, கடைசியில் பழுப்பு நெற்றாகக் கொப்பிலேயே தொங்கும். உளுந்துபோல் வெடித்துச் சிதறாது என்பதால் அவசரமில்லை என்று முதல் முறை விட்டுவைத்தேன். அதற்கு வண்டுகள் பாடம் சொல்லின. காய் செடியில் இருக்கும்போதே விதைவண்டு அதன்மேல் முட்டையிடுகிறது. வெயிலில் சாய்த்துப் பிடித்தால் கசகசாவிலும் சிறிய வெண்புள்ளிகளாக அவை தெரியும். புழு தோலைத் துளைத்து விதைக்குள் நுழைந்துவிட்டால் வெளியே எந்த அடையாளமும் இராது. பார்வைக்கு மாசற்ற விதையாகத்தான் டப்பாவில் போட்டு மூடினேன். மூன்றாம் வாரம் திறந்தபோது அடியில் பழுப்புத் தூளும், அதன்மேல் ஊர்ந்துகொண்டிருந்த வண்டுகளும், பாதிக்கு மேல் துளைவிழுந்த விதைகளும். கடைக்காரரின் பாக்கெட்டில் நான் கண்ட அந்த ஒன்பது துளைகளை இதன் பிறகு சற்று இரக்கத்தோடுதான் நினைத்துக்கொண்டேன்.

இப்போதைய முறை இது. நெற்று வைக்கோல் நிறம் கடந்து, அசைத்தால் உள்ளே கலகலக்கத் தொடங்கும் வாரத்திலேயே, பனி காய்ந்த முற்பகலில் பறித்துவிடுகிறேன். முட்டைப்புள்ளி மிகுந்த நெற்றுகளை அங்கேயே ஒதுக்கிவிடுகிறேன். சாக்குமேல் பரப்பி மூன்று நாள் வெயிலில் காயவைத்து, பழைய கோணியில் போட்டுக் கம்பால் மெல்லத் தட்டினால் தாள் நொறுங்கி விதை கழன்றுவிடும். ஓங்கி அடித்தால் விதை பிளக்கும். முறத்தில் புடைக்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ள வேண்டும், அந்தத் தூசு விடாமல் தும்மவைக்கும். பிறகு விதையைத் தண்ணீரில் போட்டு, மிதப்பதை நீக்கி, மூழ்கியதை உடனே துடைத்து, இரண்டு நாள் நிழலில் உலர்த்தி, காற்றுப் புகாத புட்டியில் அடைத்துக் குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் ஒரு வாரம் வைக்கிறேன். நன்றாகக் காய்ந்த விதைக்கு அந்தக் குளிர் தீங்கு செய்யாது, உள்ளிருக்கும் புழு மட்டும் செத்துவிடும். உறைபகுதியில் இடம் தர வீட்டில் சம்மதிக்காதவர்களுக்குச் சலித்த அடுப்புச் சாம்பலில் புரட்டி வைக்கும் பழைய வழி இருக்கிறது.

இன்னொன்றையும் தற்செயலாகக் கற்றேன். மஞ்சள் தட்டிய நிலையில், நெற்றாகும் முன்பே உரித்த விதையைக் காயவிடாமல் அன்றே ஊன்றினால், நறுக்காமலும் வெந்நீர் இல்லாமலும் முளைக்கிறது. தோல் காய்ந்து இறுகும்போதுதான் அது தண்ணீர் புகாததாக மாறுகிறது. ஆனால் அந்த விதையைச் சேமிக்க முடியாது. பக்கத்திலேயே செடி உள்ளவருக்கு மட்டும் உதவும் குறுக்குவழி அது.

பாக்கெட் விதையில் எழுந்த செடிகளிலிருந்து 2023 மாசியில் நான் எடுத்த விதையில் ஐம்பதை நறுக்கி ஊன்றியதில் 44 முளைத்தன. பாக்கெட்டின் செடிகள் உண்மையான ஆவாரை, வளமான விதை தருபவை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. கடைக்கு ஆதரவாகச் சொல்லக்கூடியது அதுவே.

எதிராகச் சொல்ல வேண்டியவற்றில் ஒன்று மீதமிருக்கிறது. கலப்பு விதை பற்றிப் படங்களோடு கடைக்கு எழுதினேன். மறுநாளே மரியாதையாகப் பதில் வந்தது, இன்னொரு பாக்கெட்டும் இலவசமாக வந்தது. அதிலும் அதே ஊசித்தகரை. கலந்திருப்பது பொன்னாவாரையாக இருந்தால் ஆபத்து என்று மறுபடி எழுதியதற்குப் பதில் இல்லை, விற்பனைப் பக்கத்தில் மாற்றமும் இல்லை. சட்டத்தைக் காட்டிக் கேட்கவும் வழி அரிது. 1966ஆம் ஆண்டின் விதைச் சட்டம், அறிவிக்கை செய்யப்பட்ட பயிர்களுக்கும் இரகங்களுக்கும்தான் குறைந்தபட்ச முளைப்புத்திறனையும் தூய்மையையும் வரையறுக்கிறது. காட்டுப்பூ விதை விற்பவரிடம் நாம் கேட்கக்கூடியது அவருடைய நேர்மையை மட்டுமே.

ஐந்துக்கு இரண்டரை தருகிறேன். விதையின் உயிர்ப்புக்கு முழு மதிப்பெண், கலப்படத்துக்கும் குறிப்புக்கும் சேர்த்துப் பாதி கழித்தேன். அருகில் ஆவாரை நிற்காத ஊர்க்காரர் ஒருமுறை வாங்கலாம். வாங்கியதும் வெள்ளைத்தாளில் கொட்டி, நான் மேலே சொன்ன வடிவத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, மாறுபட்டதைத் தீயில் போட வேண்டும். ஆவாரை நிற்கும் ஊர்க்காரர் மாசி வரை காத்திருந்து, ஒரே செடியை மொட்டையடிக்காமல் இருபது செடிகளில் செடிக்கு நாலைந்து நெற்றாகப் பறித்துக்கொள்வதே மேல். வெவ்வேறு செடிகளின் விதை கலந்திருந்தால் ஒரு நோய்க்கோ ஒரு வறட்சிக்கோ எல்லாம் ஒன்றாகச் சாயாது. காப்புக்காட்டின் எல்லைக்குள் மட்டும் கைவைக்கக் கூடாது.

தீயில் போடச் சொல்வதற்குக் காரணம் கொட்டகைச் சன்னலுக்கு வெளியே இருக்கிறது. பொன்னாவாரையை முதல் ஆண்டே பூக்கும் முன் பிடுங்கி ஒழித்துவிட்டேன். ஊசித்தகரையில் ஒன்றிரண்டு என் கண்ணுக்குத் தப்பிக் காய்த்து உதிர்ந்துவிட்டன. அதன் விதைத்தோலும் ஆவாரையைப் போலவே கெட்டி, அதுவும் ஆண்டுக்குக் கொஞ்சமாகப் பிரித்துப் பிரித்துத்தான் முளைக்கிறது. மூன்று மழைக்காலமாகப் பிடுங்குகிறேன். போன வாரத் தூறலுக்கு மறுபடியும் பதினேழு கன்றுகள்.